மேல்கட்டில் பெர்க்மான்ஸுக்கு

பெர்க்மான்ஸ்,
நீ வரும்போது நான் பஸ்ஸில் இருப்பேன்.
அதனால்தான் இந்தச் சீட்டு,
பெட்டிக்குள், கேப்போவுக்கு அடியில்.

நேற்று எழுதியிருந்தாய்:
எஃப் வரவே மாட்டேன் என்கிறது,
எனக்கு விரல் குட்டையா?
விரலில் குறையில்லை.
நீ வால்வு திறக்கிறாய்.
பிளாண்டில் எட்டு அங்குல வால்வைப் பிடிக்கிற பிடியை
இந்தக் கழுத்துக்கும் போடுகிறாய்.
பெருவிரலைப் பின்பக்கம் நடுவில் வை, சும்மா வை.
ஆள்காட்டி விரலைச் சற்றே புரட்டு,
சதை வேண்டாம், எலும்புப் பக்கம்,
ஃப்ரெட்டை ஒட்டி, அதன்மேல் ஏறாமல்.
முழங்கையை விலாவுக்கு இழு.
மிச்சத்தைக் கையின் எடை பார்த்துக்கொள்ளும்.

முதலில் சத்தமே வேண்டாம்.
சி பிடி, எடு. எஃப் பிடி, எடு.
வலக்கை மடியில் கிடக்கட்டும்.
அதுவே இருபது தடவை.
தட்டித்தான் ஆகவேண்டும் என்றால்
பிரிட்ஜ் பக்கம் தந்திக்கு அடியில் என் சாக்ஸைச் செருகு
(துவைத்ததுதான்).
விடியற்காலை சித்ராவில்
தூக்கம் கெட்டவனின் செருப்பு எந்தத் திசையிலிருந்தும் வரும்.

மெட்ரோனோம் ஆப்பில் விளம்பரம் வருகிறது, அழித்துவிட்டேன்.
ஜன்னலுக்கு வெளியே ஏசித் தண்ணீர்
பெயின்ட் டப்பாவில் சொட்டுவதைக் கேள்.
இந்த ஆகஸ்ட் புழுக்கத்தில்
நிமிடத்துக்கு அறுபத்து மூன்று, எண்ணிப் பார்த்தேன்.
அதற்குமேல் வேகம் உனக்கு இப்போது தேவையில்லை.
எனக்கும்தான்.

வெள்ளிக்கிழமை ஒன்று நடந்தது.
நரசய்யா குளியலறையில் யூனிஃபார்ம் துவைத்துக்கொண்டே
நம் பாட்டை முனகினான்.
சொல் தெரியாது அவனுக்கு, தமிழே தெரியாது.
வாரம் பகல் வாரம் இரவு என்று மாறுகிறவன்,
உன்னையும் கேட்டிருக்கிறான் என்னையும் கேட்டிருக்கிறான்.
மூன்றாவது வரியில், எஃப் வருகிற இடத்தில்,
நின்றான்.
ஒரு மூச்சு. ஒன்றரை மூச்சு.
பிறகு தொடர்ந்தான்.
திரும்பச் சுற்றி வந்தான்,
திரும்பவும் அங்கேயே நின்றான்,
சோப்பு நுரையோடு கை அந்தரத்தில்.

பாட்டில் அப்படி ஒரு இடைவெளி இல்லை, பெர்க்மான்ஸ்.
அது நாம் விரல் தேடுகிற நேரம்.
ஒன்பது மாதமாக, இரண்டு ஷிஃப்டிலும்,
சலிக்காமல் நாம் பயின்றது அதைத்தான்.
அவனுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

முதலில் சிரித்தேன்.
அப்புறம் குபூஸ் தொண்டையில் இறங்கவில்லை.

இனிமேல் தொடக்கத்திலிருந்து வாசிக்காதே.
முதல் இரண்டு வரி உனக்கு வரும், எனக்கு வரும்,
அதை வாசித்து வாசித்து
நம்மை நாமே மெச்சிக்கொள்கிறோம்.
விழுகிற இடத்துக்கு ஒரு தட்டு முன்னால் ஏறு,
ஒரு தட்டு பின்னால் இறங்கு.
அந்த ரெண்டடியிலேயே கிட.
பத்து நிமிடம் போதும்.
பிசகினால் ஓட்டிக்கொண்டு போகாதே, நிறுத்து,
விரலைப் பார், இன்னும் மெல்ல.
தவறுக்கும் கை பழகும்,
அதற்கு நல்லது கெட்டது தெரியாது.

ஃபோனில் பதிவு செய்.
வாசித்த சூட்டோடு கேட்காதே,
எல்லாம் அருமையாகத்தான் தோன்றும்.
அடுத்த நாள் பஸ் பாலத்தில் ஏறும்போது
இரண்டு பக்கமும் கடல், காதில் ஒயர், அப்போது கேள்.
கூசும். எனக்கு நேற்று
மனாமா தாண்டும்வரை கூசியது.
சுண்டுவிரல் வேலைக்கே வருவதில்லை என்று
அதில்தான் தெரிந்தது.

வலித்தால் விட்டுவிடு.
விரல்நுனி வலி வேறு, அது காய்த்துவிடும்.
மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு முடிந்தது.
அந்தக் கைக்குத்தான் சம்பளம் தருகிறார்கள்.

பெட்டியை ஏசிக்கு நேர்கீழே வைக்காதே.
ஜுன்ரெல் பதினோரு தினாருக்கு இதை விற்றுவிட்டுப் போனபோது
விரிசல் ஒன்றுதான் இருந்தது.

பழைய தந்தி துருவேறிவிட்டது, உன் வியர்வை பாதி, என்னுடையது பாதி.
இன்று இரவு ஆறையும் மாற்றியிருக்கிறேன்.
புதுசு, இழுபடும்.
ரெண்டு நாள் சுருதி நிற்காது, உன்னைத் திட்டிக்கொள்ளாதே.
வாசித்த பிறகு துணியால் துடை.
நுனிகளை வெட்டவில்லை,
கட்டர் வேலையிடத்தில் கிடக்கிறது.
குனியும்போது கண் பத்திரம்.