வெளியே வாங்க

பிப்ரவரி, ராத்திரி இரண்டரை மணி.
ஸ்கார்பரோவில், எக்ளிண்டன் தெருக் கட்டடத்தில்
தீ மணி அலறியது. லிஃப்ட் நின்றுவிட்டது.
சூப்பர்வைசர் டெஸ்மண்ட் சொன்னார்:
"பதினோராம் மாடி, நாலாம் வீடு. அவர்களுக்கு இங்கிலீஷ் வராது.
உன் பாஷைதானே, போய்க் கூப்பிடு."

ஏறினேன். அறுபது வயது வாட்ச்மேனின் முழங்கால்.
கதவில் கை வைத்த பிறகுதான்
வாயில் ஒரே ஒரு வாக்கியம் இருப்பது தெரிந்தது.

எண்பத்தெட்டு. கடலுக்கு அப்பால்.
பிளட்டூனில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்.
லெஃப்டினன்ட் சொல்லச் சொன்னதைச் சொன்னேன்:
'வெளியே வாங்க, ஒண்ணும் செய்யமாட்டாங்க.'
யாரும் சொல்லச் சொல்லாததையும் சேர்த்தேன்:
'நானும் தமிழன்தான்.'

அதை நம்பி வந்தார்கள், ஐந்து பேர்.
கடைசியாக வந்த அம்மா
கதவை இழுத்துச் சாத்திக் கொக்கி போட்டார்.
கோழி உள்ளே போய்விடுமாம்.

அடுத்து லெஃப்டினன்ட் சொன்ன ஒற்றைச் சொல்லுக்கு
மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

விசாரணையில் என் தோட்டாக்களை எண்ணினார்கள்.
ஒன்றும் குறையவில்லை.
போகலாம் என்றார்கள்.

"ஆர் அது?"
உள்ளிருந்து பெண்குரல். அதே 'ஆர்'.

கதவை அடித்தேன், உதைத்தேன்.
"ஃபயர்! ஃபயர்!" என்று கத்தினேன்.
கத்தியது காதில் விழுந்ததும்
சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

தோளில் குழந்தை, காலில் ஒற்றைச் செருப்பு.
சட்டையில் 'மரியசூசை' என்று படித்துவிட்டு,
"தமிழில சொல்லியிருக்கலாமே, அண்ணை" என்றாள்.

மூன்றாம் மாடியில் யாரோ ரொட்டியைக் கருக்கியிருந்தார்கள், அவ்வளவுதான்.

படியிறங்கும்போது கேட்டேன்:
"கதவைப் பூட்டிட்டீங்களா?"