அறுபத்தோராம் காய்

கிளையில் இல்லை, அடிமரத்தில்,
முதுகெல்லாம் கொப்புளம் போட்டதுபோல் காய்க்கிறது இது.
லத்தீனில் இரண்டு சொல் உண்டு.
தமிழில் தேடினேன், அகப்படவில்லை.
குறிப்பேட்டில் நானே "முதுகத்தி" என்று எழுதிக்கொண்டேன்.
"அப்படின்னா?" என்று நஸீரா கேட்க
முதுகைத் தொட்டுக் காட்டினேன்.
கென்ட் ரிட்ஜ் சரிவில் நேற்றைய மழை இன்னும் வடிந்துகொண்டிருந்தது.
கீழே துறைமுகத்தில் பாரந்தூக்கிகள்
பெட்டிமேல் பெட்டி வைத்துக்கொண்டிருந்தன.
எங்கள் பையில் எழுபது காய், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.
கடித்த கொசுக்களுக்கு மட்டும் எண் இல்லை.

ஆய்வுக்கூடக் குளிரில்
சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டு
ஒவ்வொன்றாகப் பிளக்கிறேன்.
அத்தியைப் பிட்டால் அத்தனையும் புழு என்றவர்
உருப்பெருக்கி இல்லாமலே சொல்லியிருக்கிறார்.
ஆனால் பூவை அவர் பார்க்கவில்லை.
புழுவுக்கு அடியில் பூ.
நூறு, இருநூறு, சுவர் முழுக்க,
உள்முகமாக,
வெளிச்சமே படாமல்.

குளவி என்றால் கொட்டுகிற குளவி இல்லை.
ஒரு காற்புள்ளி அளவு.
வாசல் அவளைவிடச் சிறியது.
நுழையும்போது இறக்கை பிய்ந்து அங்கேயே தங்கிவிடும்.
திரும்பும் எண்ணம் அவளுக்கு இருந்ததா என்பது
பாடத்திட்டத்தில் இல்லை.

ஆண் மரமென்றால் முட்டை வைப்பாள்.
பெண் மரமென்றால் உள்ளே எல்லாப் பூவும் ஆழம்,
அவள் ஊசி எட்டாது.
கொண்டுவந்த மகரந்தத்தை உதிர்த்துவிட்டு
இருட்டில் நடந்து நடந்து சாவாள்.
வாசனை என்னவோ இரண்டுக்கும் ஒன்றுதான்.

அவர்களில் ஆண்களுக்கு இறக்கையே கிடையாது.
பிறந்த காயிலேயே கூடி,
பெண்கள் பறந்துபோக வழி குடைந்து கொடுத்துவிட்டு
அந்த வழியிலேயே விழுகிறார்கள்.
"தேசிய சேவை," என்றான் ஷெங் வேய்,
கண்ணை லென்ஸிலிருந்து எடுக்காமல்.

இடைத்தேர்வில் கேட்டார்கள்:
பெண் மரத்தைத் தவிர்க்க இந்தக் குளவி ஏன் பழகவில்லை?
நான்கு மதிப்பெண்.
எழுதினேன்:
ஏமாந்தவளுக்கு மகள் இல்லை,
வந்து சொல்ல.
சிவப்பு மையோடு திரும்பி வந்தது தாள்:
"அழகு. ஆனால்
ஏமாறாதவளின் மகள்கள் ஏன் இன்னும் ஏமாறுகிறார்கள்?"
ஒன்றரை.
மூன்று வாரமாக அந்தக் கேள்வியோடுதான்
கோப்பி குடிக்கிறேன்.

அறுபத்தோராம் காயில் கணக்கு உதைத்தது.
வாசலில் ஒரு ஜோடி இறக்கை.
உள்ளே ஆள் இல்லை.
விதை இல்லை, புழு இல்லை, செத்த உடலும் இல்லை.
நஸீரா தேடினாள். ஷெங் வேய் தேடினான்.
சுழியம் போடலாம்தான்,
போட்டால் அவள் வரவே இல்லை என்றாகிவிடும்.
கேள்விக்குறி போட்டோம், மென்பொருள் ஏற்கவில்லை.
கட்டத்தைக் காலியாக விட்டோம்.

வட்டப்பாதையில் பீஷான், அங்கே மாறி ஈசூன்.
ஐந்து வாரத்துக்குப் பிறகு.
சாங்கியில் விமானத் தட்டுகளில் சோறு அடுக்கிவிட்டு
அம்மாவும் அப்போதுதான் வந்து
புளோக்கின் கீழே மின்தூக்கிக்கு நின்றிருந்தாள்,
நெற்றியில் வலைத்தொப்பியின் தடத்தோடு.
"வாடி வெயினி. அத்தி பூத்தாச்சா?"

பதினோரு மாடி ஏறும்வரை
சொல்லலாமா என்று பார்த்தேன்.
அம்மா, அது எப்போதும் பூத்துக்கொண்டுதான் இருக்கிறது,
வெளியே தெரியாது, அவ்வளவுதான்.
சொன்னால் சாக்குப்போல் இருக்கும்.
"பசிக்குது," என்றேன்.

அடுப்படி விளக்கில்
என் சட்டைக் கை மடிப்பில் எதையோ பார்த்தாள்.
நகநுனியில் எடுத்தாள்.
"என்னடி இது, எள்ளா?"
நான் எழுந்து கிட்டே போவதற்குள்,
இறக்கை இருக்கிறதா என்று பார்ப்பதற்குள்,
குழாயைத் திறந்து
விரலைக் கழுவிவிட்டாள்.