அரைச்சுவர்

தகரத்தில் மழை இறங்கினால்
வாகரையில் இரண்டாம் தரத்துக்குப் பாடம் இல்லை.
இந்த மாரிக்கு ஒரு ஸ்பீக்கர் வந்தது,
தவமலர் டீச்சரின் கழுத்துக்கு ஒரு மைக்.

பல்லி வேறு பள்ளி வேறு என்று
கடைசி வாங்கு நிரோஜனுக்கு
அன்றைக்குத்தான் கேட்டதாம்.
சுவருக்கு இந்தப் பக்கம்
என் பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள்:
பல்லி, பள்ளி.

புதன்கிழமை
போன் வந்து வெளியே போனா.
மைக்கை நிற்பாட்டவில்லை.
"லோன் காசு வெள்ளிக்குள்ள கட்டுறன் தம்பி,
வீட்டுக்கு மட்டும் வராதீங்க."

இரண்டு வகுப்பும் அசையவில்லை.
மழைகூட நேரம் பார்த்து வெறித்திருந்தது.

திரும்பி வந்து,
"என்ன, சத்தத்தையே காணல்ல?" என்றா.
நிரோஜன் எழும்பினான்.
"ஸ்பீக்கர் பழுது டீச்சர்.
ஒண்டும் கேக்கல்ல."

நான் ஏழாம் வாய்பாட்டைத் தொடங்கினேன்,
உரத்து.