லஞ்ச் சீட்

காலையிலிருந்து புள்ளி பால்பல் போல் ஆடுகிறது.
தட்டினால் மூடி
விரலோடு எழுந்து வந்துவிடுகிறது.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு மேல்படியில்
என் கொமினிகேசன்.
கொழும்பில் எவனோ கேம் ஆடிக் கழித்த
மெக்கானிக்கல் கீபோர்ட்;
தமிழ் மூடிகள் மட்டும் புதுசு, வேறு அச்சு.

'ர'வுக்கு எதிர் வியாதி.
நேற்று இழுத்ததில்
சுவிட்ச்சே வேரோடு வந்தது.
இன்று பிளேன்டீக்கு வைத்த சுடுநீரில்
மூடியை ஒரு நிமிடம் ஊறவிட்டேன்.
இளகியதும் தண்டில் செருகி,
எடுத்து, மறுபடி செருகி,
குளிரில் அப்படியே ஆறவிட்டேன்.
வெளியே மூடுபனி, இலவச ஐஸ்.

புள்ளிக்கு
மத்தியானச் சோற்றுப் பார்சலின் லஞ்ச் சீட்,
நகத்தளவு.
பருப்பு மஞ்சளைத் துடைத்துச்
சிலுவைத் தண்டின் மேல் போர்த்தி
மூடியை இறக்கினேன்.
டக்.
பிதுங்கியதை பிளேடு பார்த்துக்கொண்டது.

இத்தனையும் பெஞ்சிலிருந்து பார்த்திருந்தார்
யோகமலர் அக்கா.
மடியில் நனைந்த குடை, பிறப்புச் சான்றிதழ்.
அதில் அவர் அப்பா 'முத்தையன'.
கச்சேரியில் மூன்று தரம் திருப்பிவிட்டார்களாம்.

"அந்த ஆளுக்கும் மூடி கழண்டிருக்குமோ தம்பி?"

"அது கையெழுத்துக்கா. பேனைக்கு ஏது மூடி?"

"பேனைக்குத்தானே மூடி."

சிரிப்பு அடங்கி
விண்ணப்பத்தில் அடித்தேன்:
மு, த், தை, ய,
ன.
பிறகு புள்ளி.

அவர் திரையைப் பார்க்கவில்லை.
என் விரல் எழுந்த பிறகும்
மூடி அங்கேயே இருக்கிறதா என்று
கழுத்தை நீட்டிப் பார்த்தார்.