பதினோராவது கட்டம்

"நீர்நிலை ஏதும் உண்டா?"
பதினோராவது கட்டம் கேட்கிறது.
ஒரு சொல்லுக்குத்தான் இடம்.

இணைத்திருக்கும் படங்கள் பங்குனியில் எடுத்தவை:
காய்ந்த புல், இரண்டு எருமை,
எல்லைக்கல்லில் புதுச் சுண்ணாம்பு.
நான் போனது கார்த்திகையில்.
டேப்பைப் பிடித்தபடி சர்வேயர் சூசைமாணிக்கம்
முழங்கால்வரை இறங்கிப்போனார்.
"மேடம், பூட்ஸ் போச்சு" என்று சிரித்தார்.
கால் இருந்த குழியில்
எங்கிருந்தோ தண்ணீர் வந்து நிறைந்தது,
அவசரமே இல்லாமல்.

கீழே கோத்தகிரிக் குழாய்களில்
வாரம் ஒருமுறை வருவதும் இதுதான்.
கீழேதான், தகரக் கொட்டகையில்,
பவளக்கொடியும் இருக்கிறாள்,
போன மழையில் லயத்தின் பின்சுவர் போனதிலிருந்து.
நாற்பத்தாறு வீட்டுப் பட்டியலில் ஒன்பதாவது பெயர்.
மனுநாளில் கேட்டாள்:
"சேத்துக்கு எடம் விடுவீங்க, சரி.
எனக்கு?"

ரோட்டை ஒட்டிக் கெட்டி நிலம் ஒன்று இருந்தது.
அந்த ரிசார்ட்டின் கோப்பு
நான் மாற்றலாகி வருமுன்பே கையெழுத்தாகிவிட்டது.

என் வீட்டுச் சமையலறைச் சுவர்
ஐப்பசிதோறும் வியர்க்கும்.
உப்புப் பூத்த இடத்தில் காலண்டர் மாட்டியிருக்கிறேன்.
அந்த மனையின் கோப்பிலும்
யாரோ, அழகான கையெழுத்தில்,
"இல்லை" என்று எழுதியிருப்பார்.

கட்டத்தை மீறி ஓரம்வரை எழுதுகிறேன்:
"உண்டு. எங்கள் பூட்ஸ் ஒன்று உள்ளே இருக்கிறது."

பிறகு,
பவளக்கொடியை எந்தக் கட்டத்தில் எழுதுவதென்று
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.