கை ஓங்கிய இரவு

உலைக்கூடத்துச் சாப்பாட்டு மேசையில்
நுக்ஸரின் கையை நான் சாய்த்துக்கொண்டிருந்தபோது
காய்ந்த விறகு முறிவதுபோல் ஒரு சத்தம்.
என் கைதான் ஓங்கியிருந்தது.
விவரம் தெரியாமல் யாரோ கைதட்டியும்விட்டார்கள்.

ஜெஸ்டபோனி மருத்துவமனையில்
லமாரா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
பிழிந்த துணிபோல் சுழன்று பிளந்திருந்தது
மேற்கை எலும்பு.
கத்தி வேண்டாம், என்றார்.
வேறு வழிகள் இருக்கின்றன,
எல்லாவற்றிலும் ஏதோ ஒரு தொல்லை.

முதலில் அக்குளில் தொடங்கி
முழங்கையைச் சுற்றித் தோளுக்கு ஏறும் மாவுப்பட்டை.
வீக்கம் வடிய வடிய அது வழுக்கி இறங்கியது,
அண்ணன் சட்டையைப் போட்ட பையன்போல்
உள்ளே தொலைந்துபோனது கை.

பக்கத்துப் படுக்கை வலேரியனுக்கு
கையை நெஞ்சோடு சேர்த்துத் துணியால் சுற்றியிருந்தார்கள்.
"பிணம்போல் கிட, தானே ஒட்டும்" என்றார்.
எண்பது வயதில் அது சரி.
நுக்ஸருக்கு முப்பத்தாறு,
தோள் இறுகிப்போனால் உலைக்கு யார் எடுப்பார்கள்?

தொங்கும் மாவுக்கட்டு என்றும் ஒன்று உண்டாம்.
தன் பாரத்தாலேயே எலும்பை இழுத்து நேராக்கும்.
லமாராவுக்கு அதில் பிடிப்பில்லை:
அதிகம் இழுத்தால் நடுவே இடைவெளி விழும்,
இடைவெளி ஒட்டாது.
அப்போதுதான் அன்றைக்கு முதல்தடவையாக
நுக்ஸர் என்னைப் பார்த்தான்.

பன்னிரண்டாம் நாள்
இரண்டு பிளாஸ்டிக் ஓடுகள், நான்கு வார்கள்.
முழங்கைக்கு விடுதலை.
இறுக்கிப் பிடித்தால் சதையே எலும்புக்குச் சுவர்,
ஆனால் தினமும் இறுக்கவேண்டும்,
அதற்கு இன்னொருவர் கை வேண்டும்.
எத்தெரி ஐந்து மணிக்கே ரொட்டிக்கடைக்குப் போய்விடுவாள்.
நான் வந்தேன்.
முறித்த அதே கையோடு.

நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கியிருப்பான்.
முன்னால் குனிந்து கையைத் தொங்கவிட்டு
கிணற்று வாளிபோல் மெல்லச் சுழற்றுவான்.
மணிக்கட்டு மட்டும் எழவில்லை.
நரம்பு நசுங்கியிருக்கிறது, பொறுங்கள், என்றார் லமாரா.
பொறுத்தோம். பேச்சு அதிகமில்லை.
"இறுக்கமா?"
"ம்."
"தளர்த்தட்டுமா?"
"வேண்டாம்."

ஒன்பதாம் வாரம் எலும்பு ஒட்டியது, சற்றே கோணலாக.
சட்டைக்குள் தெரியாது, என்றார்.

பதினோராம் வாரம்
கடைசி வாரை மாட்டும்போது
அவன் கட்டைவிரல் நிமிர்ந்து
அடியிலிருந்து என் மணிக்கட்டை முட்டியது.
தற்செயலா, என்று கேட்டேன்.
மறுபடி முட்டினான்.
என் கையை நான் எடுக்கவில்லை.