இரண்டு வரி

இரண்டாயிரத்து மூன்றில், பண்ருட்டிக் கிளையில்
நான் புதிய மதிப்பீட்டாளன்.
அஞ்சலாட்சி, க/பெ தெய்வசிகாமணி (காலமானார்),
காடாம்புலியூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர் செம்மண்.
ஆழ்குழாய்க்கும் விருத்தாசலத்து முந்திரி ஒட்டுக்கன்றுக்கும்
பதினைந்து வருஷக் கடன்.

பயிர்க்கடன் வேறு,
அறுவடை முடிந்ததும் வாசலில் வந்து நிற்கும்.
எங்கள் பணம் மரத்தோடு வளர வேண்டிய பணம்.
முதல் மூன்று வருஷம் அசலைப் பற்றி
வாய் திறக்கக் கூடாது என்பது விதி.
எனக்குப் பிடித்த ஒரே விதி அதுதான்.
ஒரு வங்கி, கன்றுக்காகக் காத்திருக்கிறது!

அடமானப் பத்திரத்தில் அவள் கட்டைவிரலை
நான்தான் பிடித்து உருட்டினேன்.
நீல மையில் ஒரு சுழிகூடக் கலையவில்லை.
பத்திர எழுத்தர் 'நல்ல கை' என்றார்.

எட்டாவது வருஷம் தானே வந்தது,
பொங்கலுக்கு இரண்டு வாரம் முன்னால், ஒரு விடியலுக்குள்.
பிணையத்தைச் சரிபார்த்து வா என்று அனுப்பினார்கள்.
பாதை இல்லை. விழுந்த மரங்களின் மேலேயே ஏறி நடந்தேன்.
படிவத்தில் ஒரே ஒரு கட்டம்:
நிற்கும் மரங்கள், எண்ணிக்கையில்.
பதினொன்று என்று எழுதினேன்.

"படுத்துக் கெடக்கறதையும் எண்ணிக்குங்க சார்,
கடன் அதுக்கும் சேத்துதானே."

எண்ணினேன். நூற்று நாற்பத்தாறு.
கட்டம் இல்லாததால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.
பஸ் ஏறுவதற்குள் வேர்வையில் போயிற்று.

தவணையைத் தள்ளிப் போட்டோம்.
வட்டியைத் தள்ளவில்லை.
விழுந்த இடத்திலேயே அவள் மறுபடி நட்டாள்,
அதற்கு எங்களிடம் கேட்கவில்லை.
அதன்பின் கட்டியதெல்லாம்
அடுத்தவர் கொட்டையை உடைத்த கூலி.
கொட்டகையில் உட்கார்ந்து, சாம்பல் தொட்டுக்கொண்டு,
ஓட்டெண்ணெய் விரலைத் தின்னத் தின்ன.
நோட்டுகளில் அந்த வாடை இருக்கும்.
காசாளர் ஜன்னலைத் திறந்துவைத்து எண்ணுவார்,
எண்ணி முடித்ததும் மூடுவார்.

போன ஆவணியில் கடைசித் தவணை.
அடமானம் மீட்கச் சார்பதிவாளர் அலுவலகம் போனோம்.
இப்போது மை இல்லை. சின்னக் கண்ணாடி ஒன்று.
கட்டைவிரல் வைத்தாள். பச்சை எரியவில்லை.
ஆள்காட்டி. இல்லை.
சேலையில் துடைத்தாள், எச்சில் தொட்டு வைத்தாள்.
கணினிப் பெண் பத்தையும் கேட்டாள்.
பத்தும் வழவழவென்று இருந்தன.

"இவங்கதான் அவங்களா?"

யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை.
நான் பழைய பத்திரத்தைத் திறந்து காட்டினேன்.
அதில் ரேகை இருந்தது,
விரலில்தான் இல்லை.
கடைசியில் கண்ணைப் படம் பிடித்தார்கள்.
சிமிட்டாதே என்றதற்கு, அவள் மூச்சையும் நிறுத்திக்கொண்டாள்.

இருபது நாள் கழித்து வில்லங்கச் சான்று வந்தது.
வாசிக்கச் சொன்னாள்.
முதல் வரி, அடமானம்.
அதற்குக் கீழே, ரசீது.

"நடுவுல?"
"நடுவுல ஒண்ணும் இல்லம்மா."

தாளை வாங்கி, இரண்டு வரிக்கும் இடையே இருந்த வெள்ளையை
ஒருமுறை தடவிப் பார்த்தாள்.
மடித்துப் பையில் வைத்த பிறகு கேட்டாள்,
பலாக்கன்றுக்கு இன்னும் கடன் தருகிறீர்களா.

அறுபத்து மூன்று வயது.
பதினைந்து வருஷம்.
விதியைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

பார்த்துக்கொண்டிருக்கிறேன்.